5 ஸ்பேடா, டபுளா? விடையைப் பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பிள்ளைகள் படிப்புக்கு, அலுவலக வேலைக்கு என்று வீட்டில் சொல்லி வாங்கிவிட்டு, முதல் வாரம் முழுக்க சாலிடேர் விளையாடுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மவுஸைப் பிடித்து இழுத்து விடப் பழகுவதற்கு சாலிடேரைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் ஒரு மாதத்தில் அது அலுத்துவிடும். அடுத்து என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் பிரிட்ஜ்.

சீட்டாட்டமா என்று முகம் சுளிக்க வேண்டாம். 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்கு பிரிட்ஜில் ஒரு தங்கப் பதக்கம் கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவர்கள் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி. அப்போது அவர்களுக்கு வயது 60, 56. ரன்னிங் ஷூ போடாமல் அந்த வயதில் தங்கம் வாங்க வேறு ஆட்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரில் பிரிட்ஜ் கற்றுக்கொள்வது எளிது. பிரெஞ்சுக்காரரான ஈவ் கோஸ்டெல் எழுதிய டபிள்யூபிரிட்ஜ்5 என்ற புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்து விளையாடலாம். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தில் பிரவுசரிலேயே ஆடலாம். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் உங்கள் எதிரே வந்து உட்காருவார். ஆள் கிடைக்காவிட்டால் ரோபோவுடனும் ஆடலாம். எனவே எங்கே ஆடுவது என்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஆடி முடித்த பிறகு ஸ்கிரீனில் வரும் ஒரு சிறிய கட்டத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தக் கட்டத்தால் எங்கள் வீட்டில் ஒருவர் இரண்டு மாதம் சீட்டைத் தொடவில்லை.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி, ஆளுக்கு 13 சீட்டு. ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டுகள் சேர்ந்தது ஒரு ட்ரிக். மொத்தம் 13 ட்ரிக். ஆடுவதற்கு முன்னால் ஏலம். 4 ஸ்பேட் என்று ஒருவர் சொன்னால், 'ஸ்பேடைத் துருப்பாக வைத்து எங்கள் ஜோடி 6 கூட்டல் 4, அதாவது 10 ட்ரிக் எடுக்கும்' என்று பொருள். எதிரணி அதற்கு மேலே கேட்கலாம், பாஸ் சொல்லலாம், 'உங்களால் முடியாது' என்று டபுள் சொல்லலாம். டபுள் சொன்னால் லாபமும் நஷ்டமும் ஏறும். அவ்வளவுதான்.

இந்த ஏலத்தில் வாயைத் திறந்து சொல்லக் கூடியவை மொத்தம் 38. கேட்கக் கூடிய ஏலங்கள் 35, பிறகு பாஸ், டபுள், ரீடபுள். ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகளோ சுமார் 63,500 கோடி. 38 சொற்கள் மட்டுமே உள்ள ஒரு மொழியில் உங்கள் கையை எதிரே இருப்பவருக்கு விளக்க வேண்டும், அதையும் எதிரணி கேட்டுக்கொண்டிருக்கும்போதே. எதிரணியும் ஏலத்தில் இறங்கிவிட்டால் இடம் இன்னும் குறையும். பிரிட்ஜில் கஷ்டமான முடிவுகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன.

இனி கதைக்கு வருகிறேன். என் சித்தப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு பிரிட்ஜ் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அவர் கோவையில், நான் பெங்களூரில். அவருக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து, கனெக்ஷனும் போட்டுக் கொடுத்து, சனிக்கிழமை இரவுகளில் இருவரும் ஜோடியாக இன்டர்நெட்டில் ஆட ஆரம்பித்தோம். ஒரு சனிக்கிழமை வந்த ஆட்டம் இது. இரு தரப்புக்கும் வல்னரபிள் கிடையாது, அதாவது அபராதம் குறைவான ஆட்டம்.

சித்தப்பா கையில் ஸ்பேட் 6 சீட்டு: ஏஸ், குயின், 10, 8, 6, 5. ஹார்ட் ஒன்றே ஒன்று, 5. டைமண்ட் கிங், 8, 4, 2. கிளாவர் கிங், 2. அவர் 1 ஸ்பேட் என்று ஆரம்பித்தார். அடுத்திருந்தவர் 2 ஹார்ட். என் முறை. என்னிடம் ஸ்பேட் கிங், 9, 7, 3. ஹார்ட் 7, 6, 4. டைமண்ட் ஏஸ், 7, 3. கிளாவர் ஜாக், 8, 6. நான் யோசிக்காமல் 4 ஸ்பேட் என்று தாவினேன். அடுத்தவர் 5 ஹார்ட். சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்து 5 ஸ்பேட் சொன்னார். அவர்கள் டபுள் போட்டார்கள். 10 ட்ரிக்தான் வந்தது. ஒன்று குறைவு, 100 பாயின்ட் நஷ்டம்.

ஆட்டம் முடிந்ததும் அந்தக் கட்டம் வந்தது. இந்த வகை புரோகிராம்கள் எல்லாவற்றிலும் இருப்பதுதான். நான்கு பேர் கையும் திறந்திருந்தால், யாரும் ஒரு தவறும் செய்யாமல் ஆடினால், எந்தத் துருப்பில் எந்த ஜோடிக்கு எத்தனை ட்ரிக் என்று அது காட்டும். டபுள் டம்மி கணக்கு என்று பெயர். ஸ்பேடில் எங்களுக்கு 10, ஹார்ட்டில் அவர்களுக்கு 9 என்று காட்டியது. அதாவது 5 ஹார்ட் இரண்டு ட்ரிக் குறைந்திருக்கும். சித்தப்பா டபுள் சொல்லியிருந்தால் எங்களுக்கு 300 வந்திருக்கும். அதற்குப் பதில் 100 போயிற்று.

நான் உடனே போன் போட்டேன். "சித்தப்பா, 400 பாயின்ட்டைத் தூக்கிக் கொடுத்துட்டீங்க. கம்ப்யூட்டரே காட்டுது பாருங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கம்ப்யூட்டர் நாலு கையையும் பாக்குதுடா. எனக்கு ஒரு கைதானே தெரியும்" என்றார். நான் விடவில்லை. படித்த திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை அவர் ஆன்லைனில் வரவில்லை. போன் செய்தால் சித்தி எடுத்து, "அவருக்குக் கண் வலிக்குதாம்பா" என்றார். அந்தக் கண்வலி இரண்டு மாதம் நீடித்தது.

இந்த இடைவெளியில்தான் நான் அந்த ஆட்டத்தை ஒழுங்காகப் பார்த்தேன். 5 ஹார்ட் என்று எதிரணி சொன்னபோது சித்தப்பா எதை வைத்து முடிவெடுத்திருக்க முடியும்?

இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த ழான் ரெனே வெர்ன் 1969-ல் தி பிரிட்ஜ் வேர்ல்ட் இதழில் எழுதியது. நம் ஜோடிக்கு நல்ல துருப்பு எத்தனை சீட்டு, எதிரணிக்கு அவர்கள் துருப்பு எத்தனை சீட்டு என்று கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையும், இரு ஜோடிகளும் அவரவர் துருப்பில் எடுக்கக் கூடிய ட்ரிக்குகளின் கூட்டுத்தொகையும் சராசரியாக ஒன்றாக இருக்கும். மொத்த ட்ரிக் விதி என்பது இதன் பெயர். அமெரிக்க ஆட்டக்காரர் லாரி கோஹன் 1992-ல் ஒரு புத்தகம் எழுதி இதைப் பிரபலமாக்கினார். இது சராசரிதான், ஒவ்வொரு ஆட்டத்திலும் பலிக்காது என்று 2004-ல் மைக் லாரன்ஸும் ஆண்டர்ஸ் விர்கிரனும் எதிர்த்துப் புத்தகம் எழுதினார்கள். இருக்கட்டும். கையில் கால்குலேட்டர் இல்லாத நேரத்தில் இந்த அளவுக்கு உதவும் கணக்கு வேறு இல்லை என்பது என் கட்சி.

நாம் 4 ஸ்பேடில் இருக்கிறோம், அவர்கள் 5 ஹார்ட் சொல்கிறார்கள். கூட்டுத்தொகை 19 என்றால் என்ன ஆகும்? நமக்கு 10, அவர்களுக்கு 9 என்று பிரிந்தால், டபுள் சொன்னால் 300 வரவு, 5 ஸ்பேட் சொன்னால் 100 செலவு. நமக்கு 9, அவர்களுக்கு 10 என்றால், டபுளுக்கு 100 வரவு, 5 ஸ்பேடுக்கு 300 செலவு. இரண்டிலும் டபுளே மேல்.

அதே கூட்டுத்தொகை 21 என்றால் கதை தலைகீழ். நமக்கு 11, அவர்களுக்கு 10 என்றால் 5 ஸ்பேடுக்கு 450 வரவு, டபுளுக்கு வெறும் 100. நமக்கு 10, அவர்களுக்கு 11 என்றால் 5 ஸ்பேடுக்கு 100 செலவு. பாஸ் சொன்னால் 450 செலவு, டபுள் சொன்னால் 650 செலவு. எப்படிப் பிரிந்தாலும் 5 ஸ்பேட் சொன்னவர்தான் பிழைத்தார்.

நடுவில் 20 வந்தால்தான் சங்கடம். இரு பக்கமும் பத்துப் பத்து என்றால் டபுள் 200 பாயின்ட் மேல். 11-9 அல்லது 9-11 என்றால் 5 ஸ்பேட் 150 பாயின்ட் மேல். இந்த இடத்தில் உலக சாம்பியனும் தாடியைத் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

ஆக, முடிவு ஒன்றிரண்டு சீட்டில்தான் தொங்குகிறது. இனி சித்தப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எதிரணி குறுக்கே வந்ததும் நேரே 4 ஸ்பேட் என்று தாவினால், எங்கள் ஒப்பந்தப்படி அதற்கு ஓர் அர்த்தம் உண்டு: ஸ்பேட் 5 சீட்டு, ஏதாவது ஒரு ஜாதியில் ஒற்றைச் சீட்டு அல்லது அதுவும் இல்லை, பெரிய படங்கள் குறைவு. சித்தப்பா அதை நம்பினார். அவரிடம் 6, என்னிடம் 5, ஆக ஸ்பேட் 11. ஹார்ட்டில் அவரிடம் ஒன்று. எதிரணி இருவரும் ஹார்ட்டை விடாமல் ஏற்றுகிறார்கள் என்றால் என்னிடமும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அப்படியானால் அவர்களிடம் 10 அல்லது 11. கூட்டுத்தொகை 21 அல்லது 22. 5 ஸ்பேட் சொல்லாமல் விட்டிருந்தால்தான் தவறு.

உண்மையில் என்னிடம் இருந்தது 4 ஸ்பேட், 3 ஹார்ட். ஸ்பேட் 10, ஹார்ட் 9, கூட்டுத்தொகை 19. நான் சொன்ன ஒரு பிட்டில் இரண்டு மூன்று ட்ரிக் பொய் இருந்தது. என் கை 4-3-3-3 என்ற தட்டையான கை. ஒற்றைச் சீட்டு எங்கும் கிடையாது, ஒரு ஏஸும் கிங்கும் வேறு கையில். இந்தக் கைக்கு 2 ஸ்பேட் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆசை அதிகம் இருந்தால் 3 ஸ்பேட். அப்படிச் சொல்லியிருந்தால் சித்தப்பாவே என்னிடம் 4 ஸ்பேட், ஹார்ட்டில் இரண்டு மூன்று என்று எண்ணி, கூட்டுத்தொகை 20-ஐத் தாண்டாது என்று கண்டிருப்பார்.

கம்ப்யூட்டர் காட்டிய கட்டத்தில் இது எங்காவது இருந்ததா? இல்லை. கட்டம் சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் 'யார் தவறு' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவே இல்லை. அந்தப் பதிலை நானாக எடுத்துக்கொண்டேன். கடைசியாக வாய் திறந்தவர் சித்தப்பா, எனவே பழி அவர் மேல்.

சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். டபுள் டம்மி கணக்கு போடும் புரோகிராம் நான்கு கையையும் பார்த்துத்தான் வேலை செய்கிறது. போ ஹாக்லண்ட் எழுதி, சோர்ஸ் கோடுடன் இலவசமாகக் கொடுத்திருக்கும் டிடிஎஸ் என்ற புரோகிராம் கண்ணிமைக்கும் நேரத்தில் இதைச் செய்யும். அதன் கோடைப் படித்து நான் வாய் பிளந்திருக்கிறேன். ஆனால் அது விடைத்தாளைப் பார்த்து எழுதும் மாணவன். சித்தப்பா பார்த்தது 13 சீட்டு. மற்ற 39 சீட்டுகள் மூன்று பேரிடம் பிரியக் கூடிய வழிகள் சுமார் 845 கோடி கோடி. ஏலத்தைக் கேட்ட பிறகு அது குறையும் என்றாலும், ஒன்றாகக் குறையாது.

கம்ப்யூட்டருக்கே ஏலம் எவ்வளவு சிரமம் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். மேட் கின்ஸ்பர்க் எழுதிய ஜிப் என்ற புரோகிராம், 1998-ல் பிரான்ஸின் லில் நகரில் நடந்த உலகப் போட்டியின்போது, தேர்ந்த ஆட்டக்காரர்களுடன் ஒரு போட்டியில் கலந்துகொண்டு 12-வது இடத்தைப் பிடித்தது. பெரிய சாதனை. ஆனால் அது சீட்டை ஆடும் போட்டி; ஏலம் அதில் கிடையாது. அடுத்தது 2022 மார்ச்சில் பாரிஸில். நூக்ஏஐ என்ற நிறுவனத்தின் நூக் என்ற புரோகிராம் எட்டு உலக சாம்பியன்களுடன் மோதியது. 80 செட்டில் 67-ஐ நூக் வென்றது. செஸ்ஸைப் போல பிரிட்ஜிலும் மனிதன் தோற்றான் என்று அப்போது செய்திகள் வந்தன. அந்தப் போட்டியிலும் ஏலம் இல்லை. எல்லா ஆட்டத்துக்கும் 3 நோ டிரம்ப் என்று முன்பே முடிவு செய்துவிட்டு, ஆடுவதை மட்டும் போட்டியாக வைத்தார்கள். ஆடுவதில் சாம்பியன்களை வென்ற புரோகிராமையும் எதிரணியோடு ஏலத்தில் மோத விடவில்லை. சித்தப்பா சிக்கியது அந்த மோதலில்தான்.

அப்படியானால் ஏலத்தைக் கற்றுக்கொள்ளக் கம்ப்யூட்டர் உதவாதா என்றால், நன்றாக உதவும். கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். 'இந்த ஆட்டத்தில் எது சரி' என்று கேட்காமல், 'இந்தக் கையும் இந்த ஏலமும் ஆயிரம் தடவை வந்தால் எது மேல்' என்று கேளுங்கள். இதற்கென்றே சீட்டுக் கலைத்துப் போடும் புரோகிராம்கள் இருக்கின்றன. ஹான்ஸ் வான் ஸ்டாவெரன் எழுதிய டீலர் அதில் பழையது, நல்லது. சித்தப்பாவின் 13 சீட்டையும் அப்படியே கொடுத்தேன். எதிரே இருப்பவரிடம் ஸ்பேட் 5, ஏதாவது ஒரு ஜாதியில் ஒன்றோ பூஜ்யமோ, ஒருவரிடம் நீளமான ஹார்ட், மற்றவரிடம் அதற்குத் துணை என்று நிபந்தனை போட்டேன். ஆயிரம் ஆட்டம் உருவாக்கி ஒவ்வொன்றுக்கும் ட்ரிக் கணக்குப் போடச் சொன்னேன். 5 ஸ்பேட் தெளிவாக ஜெயித்தது. பிறகு நிபந்தனையை மாற்றி, என்னிடம் உண்மையில் இருந்ததைப் போன்ற தட்டைக் கைகளைக் கொடுத்தேன். டபுள் ஜெயித்தது. சித்தப்பாவின் கை மாறவில்லை, எதிரணி சொன்ன ஏலமும் மாறவில்லை. மாறியது நான் அவருக்குச் சொன்ன செய்தி மட்டும்.

புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், இதற்குப் பாதி தூரம் காகிதத்திலேயே போகலாம். உங்கள் ஆட்டத்தைத் திறந்து, நீங்கள் முடிவெடுத்த இடத்தில் நிறுத்திவிட்டு, மற்ற மூன்று கையையும் மறைத்துவிடுங்கள். ஏலத்தில் கேட்டதை மட்டும் வைத்து இரு தரப்புத் துருப்பையும் எண்ணி எழுதுங்கள். பிறகு திறந்து பாருங்கள். எண்ணிக்கை தவறியிருந்தால், யார் சொன்ன எந்த பிட் உங்களை ஏமாற்றியது என்று பின்னோக்கிப் போங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் நஷ்டம் வந்திருந்தால் விட்டுவிடுங்கள், அது அதிர்ஷ்டத்தின் கணக்கு. ரோபோவுடன் ஆடுகிறீர்கள் என்றால் அது சொன்ன பிட் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் போன்ற தளங்களில் அதன் அர்த்தம் எழுதி வரும். புதியவர்கள் பலர் இதைப் படிக்காமலே அடுத்த பிட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தப் புரோகிராம்களை எழுதுபவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆட்டம் முடிந்த அடுத்த விநாடியே அந்தக் கட்டத்தை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். கேட்டால் காட்டுங்கள். ஜோடியாக ஆடும் ஆட்டத்தில், தோற்ற சூட்டோடு ஒருவர் கையில் விடைத்தாளைக் கொடுத்தால் அது எதிரே இருப்பவரை அடிக்கத்தான் பயன்படும். புதிதாகக் கற்றுக்கொள்பவர் அதைப் பார்த்து, 5 ஸ்பேட் சொன்னால் திட்டு விழும் என்று பயந்து, அடுத்த தடவை 21 துருப்பு இருக்கும்போதும் பாஸ் சொல்வார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆயிரம் ஆட்டக் கணக்கை பிரின்ட் எடுத்துக்கொண்டு தீபாவளிக்குக் கோவை போனேன். சித்தப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். "இதுக்கு எதுக்குடா ஆயிரம் ஆட்டம்? நாலு சீட்டை அஞ்சுன்னு சொன்னே. அதை அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா போதும்" என்றார். சித்தி காபி கொண்டு வந்தபோது அவர் கம்ப்யூட்டரை ஆன் செய்துகொண்டிருந்தார்.

இப்போது மறுபடி சனிக்கிழமைகளில் ஆடுகிறோம். டபுள் டம்மி கட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடியும் வரை திறப்பதில்லை என்று ஒப்பந்தம். இதுவரை இரண்டு முறை மீறப்பட்டிருக்கிறது, இரண்டு முறையும் சித்தப்பாவால்.